ஏழாம் நம்பர் மலையில் உலகத் தரம்

மனிதன் உடம்பில் போட்டுக்கொள்ளும் உடுப்புகளிலேயே உயர்ந்தது எது என்று கேட்டால், விவரம் தெரியாதவர்கள் பட்டு என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் கம்பளி என்பார்கள். இரண்டும் தவறு. உலகப் போட்டிகளில் குறி பார்த்துச் சுடுகிறவர்கள் அணியும் கோட்டுதான் அந்தப் பெருமைக்கு உரியது. தடித்த கித்தானும் தோலும் சேர்த்துத் தைத்தது. கழற்றித் தரையில் வைத்தால் மடியாது. ஆள் இல்லாமலே உட்கார்ந்திருக்கும். இப்படி ஒரு கோட்டைக் கண்டுபிடித்த மனித குலத்தை நாம் இன்னும் சரியாகக் கும்பிடவில்லை.

இந்த உண்மை லிந்துலைக்கு மேலே இருக்கும் எட்டாங்கட்டைத் தோட்டத்துக்குத் தெரிய வந்தது கம்பெனியின் கருணையால். கம்பெனியின் கருணை மலைப் பனியைப் போன்றது. எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. இறங்கிவிட்டால் எதிரில் நிற்கிற ஆள் தெரியாது.

அப்படி எதிரில் நின்றவர்களில் ஒருத்தி ஜீவராணி. பதினாறு வயதிலிருந்து கொழுந்து பறிக்கிறவள். புருசன் கொழும்பில் ஒரு கடையில் மூட்டை தூக்குகிறான். அவளுக்கு உலகத்தில் பயம் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான்: ஏழாம் நம்பர் மலையில் நின்ற டர்பன்டைன் மரத்தின் கிளையில் தொங்கிய குளவிக்கூடு.

கூடு முதலில் தேங்காய் அளவில் இருந்தது. இரண்டு வருசத்தில் கோயில் அண்டா அளவுக்கு வளர்ந்துவிட்டது. அந்தத் தோட்டத்தில் வேறு எதுவும் அத்தனை வேகமாக வளர்ந்ததில்லை, சம்பளம் உட்பட. போன வருசம் அந்த மரத்தடியில் கொட்டு வாங்கிய மாரியாயி வீட்டுக்கு வரவில்லை. ஜீவராணிக்கு இரண்டு தடவை கொட்டியது. இரண்டாந்தடவை முகம் வீங்கி, தொண்டை அடைத்து, டிக்கோயா ஆசுபத்திரியில் கண்ணைத் திறந்தபோது டாக்டர் சொன்னார்: "உங்க உடம்புக்குக் குளவி விஷம் ஒத்துக்கொள்ளாது. மூன்றாந்தடவை கொட்டினால் இங்கே கொண்டு வரக்கூட நேரம் இருக்காது." அதை எழுதியும் கொடுத்தார்.

எழுதிக் கொடுத்ததை அவள் மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கண்டாக்கு செல்லசாமியிடம் நீட்டினாள். எந்த ஆள் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புகிற அதிகாரம் அவர் கையில் இருந்தது. அதற்காகவே அவர் கையில் ஒரு பிரம்பும் இருந்தது.

"ஐயா, ஏழாம் நம்பருக்குப் போட்டா நான் செத்துப் போயிருவேங்க. டாக்டரே எழுதியிருக்காரு."

கண்டாக்கு இரண்டு தடவை வாசித்தார். "குளவிகிட்டப் போகக் கூடாதுன்னுதானே எழுதியிருக்காரு? ஏழாம் நம்பருக்குப் போகக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

"குளவி அங்கதானேங்க இருக்கு?"

"அது குளவியோட விருப்பம் புள்ள. நாளைக்கே அது எட்டாம் நம்பருக்குப் போயிருச்சுன்னா? எழுத்துல உள்ளதத்தான் நான் பாக்க முடியும்."

பக்கத்தில் நின்ற நாகலெட்சுமிக்கு வாய் சும்மா இருக்காது. லயத்து வீட்டு வரிசையில் ஜீவராணிக்கு அடுத்த காம்பராக்காரி, வயதில் மூத்தவள். "அப்ப குளவிக்கும் பேர் போட்டுருங்க ஐயா. எங்கள விட ஒழுங்கா வேலைக்கு வருது. லீவும் கேக்கிறதில்ல."

கூட்டை எடுக்கும்படி தோட்டத்து ஆட்கள் கேட்காமலும் இல்லை. கேட்டார்கள். ஆனால் எட்டாங்கட்டை சாதாரணத் தோட்டம் அல்ல. "இயற்கைக்கு நேசமான தோட்டம்" என்று சான்றிதழ் வாங்கிய தோட்டம். அந்தச் சான்றிதழ் கண்ணாடி போட்டு ஆபீசில் தொங்கியது. அதன்படி தோட்டத்தில் உள்ள தவளை, ஓணான், பறவை, குளவி எல்லாம் பாதுகாக்கப்பட்ட உயிர்கள். கொழுந்து பறிக்கிறவர்கள் அந்தப் பட்டியலில் வரவில்லை. அவர்கள் அழிந்துபோகும் இனம் இல்லை என்பதால் இருக்கலாம். கூட்டைத் தொடக் கொழும்பிலிருந்து அனுமதி வர வேண்டும். அனுமதிக் கடிதம் வந்துகொண்டே இருந்தது.

சரி, கூடு இருக்கட்டும், கொட்டு படாமல் ஒரு உடுப்பாவது கொடுங்கள் என்றார்கள். அதற்குக் கம்பெனி ஒரு குழுவே போட்டது. குழு ஆழமாக யோசித்துப் பதில் அனுப்பியது: குளவி துளைக்காத, ஆனால் மனிதர் அணியக்கூடிய துணி உலகத்தில் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆராய்ச்சி நடக்கிறது.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் கருணை இறங்கியது.

கம்பெனி டைரக்டர் கொழும்பில் தன் வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாராம். ஏதோ ஒரு நாட்டில் பெண்கள் துப்பாக்கி சுடும் போட்டி. ஓட்டம் இல்லை, பாய்ச்சல் இல்லை. மணிக்கணக்காக அசையாமல் நிற்கிறார்கள், கடைசியில் தங்கப் பதக்கம் கொடுக்கிறார்கள். டைரக்டருக்குப் பளிச்சென்று ஞானம் பிறந்தது. நாள் முழுக்க நிற்பவர்கள், எதிர்த்துப் பேசாமல் நிற்பவர்கள், ஆயிரக்கணக்கில் நம்மிடமே இருக்கிறார்களே! மறுவாரமே "மலையிலிருந்து உலக மேடைக்கு" என்ற திட்டம் பிறந்தது. கூட்டை எடுக்கும் அனுமதி வராத அதே ரோட்டில் திட்டம் வந்து சேர்ந்தது.

பயிற்சியாளராக வந்தவர் அஃப்ஹம் மாஸ்டர். கொழும்புக்காரர், இளைஞர், நல்ல மனுசன். துப்பாக்கிச் சாமான்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டை மறந்துவிடுவார். பெண்களைத் தோட்டத்துக் கிரவுண்டில் வரிசையாக நிறுத்தினார்.

"இந்த விளையாட்டுல ஓட வேணாம், குதிக்க வேணாம். அசையாம நிக்கோணும். அவ்வளவுதான்."

"அதுக்குச் சம்பளம் உண்டுங்களா மாஸ்டர்?" என்றாள் நாகலெட்சுமி. "எங்களுக்கு இதுவரைக்கும் அசைஞ்சாத்தான் குடுத்திருக்காங்க."

சிரிப்பு அடங்கியதும் சோதனை தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் ஒருத்தி காலை மாற்றினாள், ஒருத்தி தலையைச் சொறிந்தாள், நாகலெட்சுமி தும்மினாள். அப்போது எங்கிருந்தோ ஒரு குளவி வந்தது. ஒரே ஒரு குளவி. அது வரிசையில் எல்லாரையும் பார்வையிட்டுவிட்டு ஜீவராணியின் கன்னத்தில் உட்கார்ந்தது.

ஜீவராணி கல்லானாள். கையை வீசினால் அது கொட்டும். ஒன்று கொட்டினால் அந்த வாடைக்கு மற்றதெல்லாம் வரும். மலையில் பறிக்கிற எல்லாருக்கும் அது தெரியும். குளவி கன்னத்திலிருந்து மூக்குக்கு நடந்தது. மூக்கிலிருந்து புருவத்துக்கு ஏறியது. அவள் இமைக்கவில்லை. மூச்சை இழை இழையாக விட்டாள். குளவி திருப்தியோடு பறந்து போனது.

அஃப்ஹம் மாஸ்டரின் கண் கலங்கிவிட்டது. "நான் எத்தனையோ நாட்டுப் போட்டி பாத்திருக்கன். இப்பிடி ஒரு நிதானத்தக் கண்டதே இல்ல! இது பயிற்சியில வராது. பொறப்புல வரோணும்!"

ஜீவராணி நேரே குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் போய், காலையில் தின்ற ரொட்டி முழுவதையும் வாந்தி எடுத்தாள். மாஸ்டர் அதையும் தன் அறிக்கையில் மரியாதையோடு குறித்தார்: "போட்டிக்குப் பிந்திய இயல்பான தளர்வு."

இவ்விதமாக அவள் தோட்டத்தின் முதல் துப்பாக்கி வீராங்கனை ஆனாள்.

சாமான்கள் வந்த நாளில் ஆபீசுக்கு முன்னால் தேங்காய் உடைத்தார்கள். பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மாஸ்டர் விளக்கினார். தோட்டத்து நிர்வாகியான பெரிய துரை கதிரையில் உட்கார்ந்து கேட்டார். நலன்புரி உத்தியோகத்தர் சுலக்ஷனா மிஸ் படம் பிடித்தார்.

"இது கோட்டு. முதுக நிமித்திப் பிடிக்கும், உடம்பு ஆடாது. இது காற்சட்டை. இது சப்பாத்து, அடி தட்டை; நிலத்தோட ஒட்டி நிக்கும். இடது கைக்கு மட்டும் கையுறை. துப்பாக்கியத் தாங்குற கை அது. இது காதுக்கு அடைப்பான். இது கண்ணுக்குப் பக்கத்துல மாட்டுற மறைப்பு. சுடுற கண் மட்டும் பாத்தாப் போதும், மத்தக் கண் வீணா ஒண்டையும் பாக்கக் கூடாது."

"கண்டாக்கையாவுக்கு ரெண்டு கண்ணுக்கும் ஒன்னு குடுத்திருக்காங்க போல," என்று நாகலெட்சுமி முணுமுணுத்தாள்.

பத்து மீட்டர் தூரத்தில் வைக்கிற மின்சார இலக்கும் வந்தது. குண்டு எங்கே பட்டது என்று பக்கத்தில் ஒரு திரை உடனே சொல்லிவிடும். எல்லாம் இருந்தது. பெட்டி காலியானதும் ஜீவராணி எட்டிப் பார்த்தாள்.

"துப்பாக்கி எங்கங்க மாஸ்டர்?"

மாஸ்டர் பெரிய துரையைப் பார்த்தார். பெரிய துரை சுலக்ஷனா மிஸ்ஸைப் பார்த்தார்.

"துப்பாக்கிக்கு லைசன்ஸ் எடுக்கணும்," என்றார் மிஸ். "விண்ணப்பம் மேலிடத்துக்குப் போயிருக்கு. தோட்டத்து ஆக்கள் கையில துப்பாக்கி குடுக்கிறதுன்னா யோசிக்கத்தானே செய்வாங்க? அது வரும்போது நீங்க தயாரா இருக்கணும்."

ஆகவே துப்பாக்கிக்குப் பதிலாக மட்டக்கம்பு கொடுக்கப்பட்டது. தேயிலைச் செடியின் தலையை ஒரே மட்டமாகப் பறிக்க வேண்டும் என்பதற்காகப் பெண்கள் செடிமேல் வைத்துப் பார்க்கும் நீளக் கம்பு அது. தினமும் பின்னேரம் ஜீவராணி கோட்டும் காற்சட்டையும் சப்பாத்தும் மாட்டி, காதை அடைத்து, ஒரு கண்ணை மறைத்து, மட்டக்கம்பைத் தோளில் வைத்து மின்சார இலக்கைக் குறி பார்த்தாள். திரையில் பூச்சியம் நின்றது. மாஸ்டர் நேர்மையானவர். "இன்றுவரை ஒரு தடவைகூடக் குறி தவறவில்லை" என்று அறிக்கை அனுப்பினார். டைரக்டர் பூரித்துப் போனாராம்.

கோட்டின் உண்மையான மகிமையைக் கண்டுபிடித்தவள் நாகலெட்சுமி. ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் ஜீவராணியின் முதுகில் விளையாட்டாகச் சேலை ஊக்கால் குத்தினாள். ஜீவராணி திரும்பவில்லை. இன்னும் அழுத்திக் குத்தினாள்.

"அடியே, நான் குத்துறது தெரியுதா இல்லியா?"

"எங்க குத்துறீங்க?"

நாகலெட்சுமி ஊக்கைத் தூக்கிக் காட்டினாள். அது வளைந்திருந்தது. இரண்டு பேரும் ஊக்கைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் மலைப் பக்கம் திரும்பினார்கள். ஏழாம் நம்பர் மலை கிரவுண்டிலிருந்து பார்த்தாலே தெரியும்.

மறுநாள் ஜீவராணி பவ்வியமாகக் கேட்டாள். "மாஸ்டர், இந்தக் கோட்டு ஒடம்போட பழகணும்னு சொன்னீங்கள்ல? எவ்வளவு நேரம் போடணுங்க?"

"எவ்வளவு நேரம் போடுறீங்களோ அவ்வளவு நல்லம். பெரிய வீரர்கள் வீட்டுலயே போட்டுக்கொண்டு திரிவாங்க."

"மலைக்கும் போட்டுக்கிட்டுப் போகலாங்களா?"

மாஸ்டர் அவளுடைய ஆர்வத்தை அங்கேயே அறிக்கையில் குறித்துக்கொண்டார். "அது இன்னும் நல்லம்!"

அடுத்த நாள் பெரட்டைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். கோட்டும் காற்சட்டையுமாக, முழங்கால் மடியாமல், வாத்து நடை நடந்து ஜீவராணி வந்தாள். காற்சட்டைக்கு மேலேயே, இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைச் சுற்றியிருந்தாள்.

"ஏய், வழி விடுங்கடி, சந்திரனுக்குப் போறவ வர்றா!" என்று வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"தங்கச்சி, அங்க போனா எங்களுக்கும் ஒரு காம்பரா பாத்து வை. கூரை ஒழுகாததா பாரு."

ஜீவராணி அதே வாத்து நடையில் மலை ஏறினாள். டர்பன்டைன் மரத்தடிச் செடி நிரையில் போய் நின்றாள். இரண்டு வருசத்தில் முதல் தடவையாக, மேலே பார்க்காமல் கொழுந்து பறித்தாள். ஒவ்வொரு கிள்ளுக்கும் அண்ணாந்து பார்த்த கழுத்து அன்றைக்கு வலிக்கவில்லை. அந்த மரத்தடியில் அரும்பு எத்தனை பச்சையாக இருக்கிறது என்பதே அன்றுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனால் கோட்டு குனிய விடாது. கை வேகமாகப் போகாது. மடுவத்தில் எடை போட்டபோது கொழுந்து பாதிதான் இருந்தது. கண்டாக்கு அரைப்பேர் போட்டார், அதாவது அரை நாள் சம்பளம்.

"பரவால்லீங்க," என்றாள் ஜீவராணி. "பேர் அரையா இருந்தாலும் உசுரு முழுசா இருக்கு."

கண்டாக்கு செல்லசாமிக்கு அந்தப் பேச்சு ஆபத்தாகத் தோன்றியது. இன்றைக்கு ஒருத்தி கோட்டு போட்டால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள். அவர் துரையிடம் போனார். துரை மிஸ்ஸைக் கூப்பிட்டார். சாயங்காலம் ஆபீஸ் சுவரில் சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. தமிழில் எழுதப்பட்ட சுற்றறிக்கைகளில் இதற்கு ஈடாக ஒன்று இனி வரப் போவதில்லை என்பதால் அப்படியே தருகிறேன்:

"விளையாட்டு உபகரணங்கள் விளையாட்டுக்கு மட்டுமே உரியவை. அவற்றை உயிர் காக்கும் நோக்கத்துக்குப் பயன்படுத்துவது உபகரணங்களின் ஆயுளைக் குறைக்கும். மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்."

ஜீவராணி ஆபீஸ் வாசலில் நின்றாள். உள்ளே சுலக்ஷனா மிஸ் கோட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"மிஸ், கோட்டோட ஆயுள் குறையும்னு போட்டிருக்கீங்க. என்னோட ஆயுள்?"

மிஸ் கெட்டவர் இல்லை. சாவியை உருவிக்கொண்டே ஆறுதல் சொன்னார். "ஒங்களுக்கு ஈ.பீ.எஃப். இருக்குத்தானே ஜீவராணி? கோட்டுக்கு அது இல்லியே."

மறுநாள் அவள் சேலைத் துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு ஏழாம் நம்பருக்குப் போனாள். மறுபடி ஒரு கிள்ளு, ஒரு அண்ணாந்த பார்வை. ஒரு கிள்ளு, ஒரு அண்ணாந்த பார்வை.

துப்பாக்கி வராவிட்டாலும் திறப்பு விழாவை எத்தனை நாள் தள்ளுவது? டைரக்டர் நேரில் வருவதாக அறிவித்தார். எங்கே வைப்பது என்று கூடிப் பேசினார்கள். கிரவுண்டில் வைத்தால் படத்தில் லயத்துக் கூரை விழும். தகரத்துக்கு மேல் வைத்த டயரும் கல்லும் கம்பெனியின் பெயருக்கு நல்லதல்ல. ஏழாம் நம்பர் மலையில் வைத்தால் பின்னால் அருவி விழும். ஏழாம் நம்பர் என்று முடிவாயிற்று. மேலே இருந்து படம் எடுக்க டிரோன் கமரா ஒன்றும் ஒழுங்கு செய்தார்கள்.

ஜீவராணி ஓடி வந்தாள். "வேணாங்க மிஸ். அந்த டிரோன் போடுற சத்தம் குளவிக் கூட்டம் எழும்புற சத்தம் மாதிரியே இருக்கு. அதக் கேட்டா கூடு சும்மா இருக்காது."

"நீங்கதான் கோட்டு போட்டிருப்பீங்களே," என்றார் மிஸ். "விழாவுக்குப் போடலாம். அது விளையாட்டு நோக்கம்."

விழா நாள் நல்ல வெயில். துணிப் பந்தல், வெள்ளைக் கதிரைகள், மின்சார இலக்கு, அருவி. வீராங்கனை முழு உடுப்பில் மட்டக்கம்போடு நின்றாள். மற்றப் பெண்கள் பின்னால் செடி நிரைகளுக்குள் அழகுக்காக நிறுத்தப்பட்டிருந்தார்கள். எல்லார் முதுகிலும் கூடை. உள்ளே கொழுந்து இல்லை, படத்துக்குக் கூடை போதும். டைரக்டர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"எமது தோட்ட மக்களின் மாபெரும் செல்வம் அவர்களின் அசையாமை! எந்த இடர் வந்தாலும் அவர்கள்..."

டிரோன் எழும்பியது. அருவியைச் சுற்றியது. டர்பன்டைன் மரத்தைச் சுற்றியது. கூட்டின் பக்கத்தில் நின்று நல்ல படம் ஒன்று எடுத்தது.

முதல் சத்தத்திலேயே பெண்கள் எல்லாரும் காணாமல் போனார்கள். நின்ற இடத்திலேயே விழுந்து, செடிக்கு அடியில் தலையை நுழைத்து, கூடையைக் கவிழ்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தார்கள். அது அவர்களுக்குத் தினசரிப் பாடம். பெரிய இடத்து ஆட்களுக்கு அந்தப் படிப்பு இல்லை. அவர்கள் எழுந்து ஓடினார்கள், கையை வீசினார்கள், கதிரையைத் தூக்கி அடித்தார்கள். செய்யக் கூடாததை எல்லாம் ஒன்றுகூட விடாமல் செய்தார்கள். கண்டாக்கு மேசைக்கு அடியில் போனார். மேசை கண்டாக்கை விடச் சின்னது.

ஜீவராணி குப்புற விழுந்து, கழுத்துப் பட்டியைத் தலைக்கு மேலே இழுத்து, கைகளைக் கோட்டுக்குள் புதைத்தாள். முதுகில் குளவிகள் மோதுவது தகரக் கூரையில் மழை விழுவது மாதிரிக் கேட்டது. ஒன்றும் உள்ளே வரவில்லை. பக்கத்தில் அஃப்ஹம் மாஸ்டர் கையை வீசிக்கொண்டு துள்ளினார். அவள் அவர் காலைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டாள்.

"மாஸ்டர், அசையாதீங்க! இமைக்காதீங்க!"

அவர் மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தார். அவர் பிடரியில் ஒரு குளவி நடந்தது. அன்றைக்குச் சோதனையில் அவள் காட்டிய நிதானம் பிறப்பில் வந்ததா, எதில் வந்தது என்று அப்போது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

அந்த நேரத்தில் பெரிய துரை கத்தினார். "ஏய்! கோட்டக் கழட்டு! டைரக்டருக்குக் குடு! ஒன்னத்தான்!"

வீராங்கனையின் காதில் அடைப்பான் இருந்தது. துரை நின்ற பக்கத்துக் கண்ணில் மறைப்பு இருந்தது. பின்னால் என்ன சத்தம் கேட்டாலும் திரும்பக் கூடாது என்பது போட்டி ஒழுக்கம். ஆனால் அந்த அடைப்பான் அவ்வளவு நல்ல அடைப்பான் இல்லை. அவளுக்கு எல்லாம் கேட்டது. கழற்றினால் அடுத்த நிமிசம் என்ன என்பது டாக்டர் சொன்னபடி அவளுக்குத் தெரியும். அவள் மூச்சை இழை இழையாக விட்டாள். அசையவில்லை.

டைரக்டருக்கு ஒரு கொட்டு விழுந்தது. நெற்றியின் நடுவில், பொட்டு வைக்கிற இடத்தில்.

அவரை ஏற்றிய ஜீப் நுவரெலியாவைப் பார்த்துப் பறந்தது. நாகலெட்சுமிக்கும் இன்னும் பல பெண்களுக்கும் கூடைக்கு வெளியே தெரிந்த இடத்தில் எல்லாம் கொட்டியிருந்தது. அவர்களைக் கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். வேறு மலைகளில் பறித்த கொழுந்து அதில் இருந்தது. வாடினால் விலை போகாது என்று முதலில் அதைப் பெக்டரியில் இறக்கிவிட்டு, பிறகு ஆட்களை ஆசுபத்திரியில் இறக்கினார்கள். தேயிலைத் தொழிலில் ஒழுங்கு முக்கியம்.

பிறகு நடந்ததுதான் நிர்வாகத் திறமைக்கு எடுத்துக்காட்டு. இரண்டு வருசமாக வந்துகொண்டிருந்த அனுமதி, அன்றைக்குப் பின்னேரம் தொலைபேசியில் வந்துவிட்டது. பொழுது சாயும் நேரம் நாலு பேர் பந்தமும் மண்ணெண்ணெயும் கொண்டு போனார்கள். ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் ஏழாம் நம்பரில் கூடு இல்லை. சான்றிதழ் மட்டும் ஆபீசில் அப்படியே தொங்கியது.

இரண்டு கிழமை கழித்து ஆபீசில் கூட்டம். ஜீவராணி மீது ஒழுங்கு விசாரணையும், திட்டத்தின் முன்னேற்ற மீளாய்வும் ஒரே கூட்டமாக வைக்கப்பட்டன; தேநீர்ச் செலவு மிச்சம். நெற்றியில் பிளாஸ்டரோடு டைரக்டரே வந்து உட்கார்ந்தார். நாகலெட்சுமி வீக்கம் வடியாத முகத்தோடு வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். குற்றம் நிரூபணமானால் வேலை போகும், லயத்துக் காம்பராவும் போகும் என்று கண்டாக்கு ஏற்கெனவே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

பெரிய துரை விசாரித்தார். "கோட்டு யாரோடது?"

"கம்பெனியோடதுங்க."

"கம்பெனியோட டைரக்டர் ஆபத்துல இருக்கும்போது, கம்பெனியோட கோட்ட ஏன் கழட்டிக் குடுக்கல?"

"உசுரக் காப்பாத்த அதப் போடக் கூடாதுன்னு ஆபீஸ் செவுத்துல ஒட்டியிருந்துச்சுங்க. குடுத்திருந்தா டைரக்டர் ஐயா மேல நடவடிக்கை எடுத்திருப்பீங்க."

சுலக்ஷனா மிஸ் சுற்றறிக்கையின் பிரதியைக் கோப்புக்குள் தள்ளினார். துரை அடுத்த கேள்விக்குப் போனார்.

"அப்ப நீ மட்டும் ஏன் போட்டிருந்த?"

"நான் விளையாடிக்கிட்டு இருந்தேங்க. குப்புறப் படுத்துச் சுடுற போட்டியும் இருக்குன்னு மாஸ்டர் சொல்லிக் குடுத்திருக்காரு."

"இருக்கு," என்றார் அஃப்ஹம் மாஸ்டர் உடனே. "பெரிய போட்டிகள்ல நிண்டும் சுடுவாங்க, முழங்கால்லயும் சுடுவாங்க, படுத்தும் சுடுவாங்க. படுத்த நிலையில இவங்கட நிதானம் உலகத் தரம். நான் பக்கத்துலயே கிடந்து பாத்தன்."

டைரக்டர் கையைத் தூக்கி நிறுத்தினார். அவர் விவரமான மனிதர். கோட்டுப் பேச்சு எந்தப் பக்கம் போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பேச்சை மாற்றி மாஸ்டர் பக்கம் திரும்பினார். "அதெல்லாம் இருக்கட்டும். இவ்வளவு சாமான், இவ்வளவு செலவு. கோட்டு, சப்பாத்து, மின்சார இலக்கு. இத்தனை மாசத்துல இந்தத் தோட்டத்துல ஒரு குறியாவது சரியான இடத்துல பட்டிருக்கா? ஒண்ணு? அதச் சொல்லுங்க."

மாஸ்டர் கதிரையை விட்டு எழுந்தார். துப்பாக்கியே வரவில்லை என்று சொல்ல வாய் எடுத்தார். ஜீவராணி முந்திக்கொண்டாள்.

"ஒன்னு பட்டுச்சுங்க."

"எப்ப?"

"விழாவன்னைக்கு."

"எங்க?"

ஜீவராணி டைரக்டரின் நெற்றியைப் பார்த்தாள். அவர் கை தானாகவே பிளாஸ்டருக்குப் போனது.

"எங்க மேல ரெண்டு வருசமாப் பட்டுச்சுங்க. ஒன்னும் கணக்குல வரல. மாரியாயி அக்கா மேல பட்டப்ப, கம்பெனியிலருந்து மலர்வளையம் வந்துச்சு. ஒங்க மேல பட்டப்பத்தாங்க, மண்ணெண்ணெய் வந்துச்சு."